எண்ணும் கொள்கலமும்



நம் இல்லங்களிலே நாள்தோறும் நிகழும் ஒரு சிறு செயலைக் கொண்டு இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகின்றேன். பெரிய தகரம் ஒன்றிலே வாங்கிவந்த தேங்காயெண்ணெயை இல்லத்தரசி போத்தலிலே ஊற்றி வைக்கின்றாள். ஊற்றுமுன் போத்தலை ஒருமுறை உற்றுப் பார்க்கின்றாள். இருக்கும் எண்ணெய் முழுவதையும் அது கொள்ளுமா என்று மதிப்பிடுகின்றாள். ஊற்றும்போது சிந்திக் குறையாதவாறு புனல் வைத்துக்கொள்கின்றாள். முன்னர் மண்ணெண்ணெய் வைத்திருந்த போத்தலாயின் அதனைத் தொடவே மாட்டாள். கொள்ளுமா, குறையுமா, பொருள் கெடுமா என்னும் மூன்று கேள்விகளையும் அவள் தன்னையறியாமலே கேட்டு விடையும் கண்டுவிடுகின்றாள்.

கணினியினுள்ளும் இத்தகைய ஊற்றல் ஒவ்வொரு கணமும் நடந்துகொண்டிருக்கின்றது. அங்கே ஊற்றப்படுவது எண்ணெயன்று. எண்களும் எழுத்துகளும் திகதிகளுமாகிய தரவுகள். ஒருவகைக் கொள்கலத்தில் இருக்கும் மதிப்பை இன்னொருவகைக் கொள்கலத்துக்கு மாற்றுவதைச் செய்நிரல் எழுதுவோர் தரவு வகை மாற்றம் என்று அழைப்பர். இல்லத்தரசி கேட்கும் அந்த மூன்று கேள்விகளையும் கணினி தானாகக் கேட்பதில்லை. செய்நிரல் எழுதுபவர் கேட்டால்தான் உண்டு. அவர் கேட்கத் தவறினால் யாது நிகழும் என்பதற்கு அண்மைக்கால வரலாறு சில கசப்பான சான்றுகளைத் தந்திருக்கின்றது. அவற்றை ஒட்டி இப்பொருளை விளக்க முயல்கின்றேன்.

முதலிலே கொள்கலம் என்று நாம் எதைக் கூறுகின்றோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். கணினியின் நினைவகத்திலே இருப்பவை 0, 1 என்னும் இரண்டு குறிகள் மட்டுமே. இக்குறி ஒன்றைப் பிட் என்பர். எட்டுப் பிட்டுகளை ஒருங்கு வைத்தால் 256 வெவ்வேறு வடிவங்களை ஆக்கலாம். பதினாறு பிட்டுகளால் 65,536 வடிவங்களை ஆக்கலாம். ஆயின் இவ்வடிவங்களுக்குத் தாமாக ஒரு பொருளும் கிடையாது. எவ்வகையாக அவற்றை வாசிக்குமாறு பணிக்கின்றோமோ அவ்வகைப் பொருளையே அவை தருகின்றன. ஒரு குறித்த வடிவத்தை நிறைவெண்ணாக வாசித்தால் 2949 என்று வரும். அதே வடிவத்தை ஒருங்குறி முறைப்படி எழுத்தாக வாசித்தால் நமது நெடுங்கணக்கின் முதலெழுத்தாகிய அகரம் வரும். வடிவம் ஒன்றுதான், வாசிப்புகள் இரண்டு. இவ்வாறு வாசிக்கும் முறைக்கும், அதற்கென ஒதுக்கிய இடத்தின் அளவுக்கும் சேர்த்து இட்ட பெயரே தரவு வகை என்பது.

பின்னமில்லாத எண்களை வைக்க நிறைவெண் என்னும் வகை உண்டு. பதினாறு பிட்டுகளில் கூட்டல் கழித்தல் குறியுடன் கூடிய நிறைவெண்ணை வைப்பதாயின் -32,768 முதல் 32,767 வரையே அது கொள்ளும். மிகப் பெரிய எண்களையும் மிகச் சிறிய தசமங்களையும் வைக்க மிதக்கும் புள்ளி எண் என்னும் வகை உண்டு. அறுபத்துநான்கு பிட்டு மிதக்கும் புள்ளி எண்ணின் வீச்சு மிகவும் விரிந்தது. பெயர், முகவரி போன்றவற்றுக்கு எழுத்துச் சரம் உண்டு. நாட்களைக் குறிக்கத் திகதி உண்டு. இவை வெவ்வேறு அளவும் வெவ்வேறு இயல்பும் உடைய கொள்கலங்கள்.

இவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏன் மாற்றவேண்டும் என்று நேயர்கள் வினவலாம். மாற்றாது கணினி ஒரு கணமும் பணியாற்றவியலாது என்பதே விடை. நீங்கள் விசைப்பலகையிலே 12 என்று தட்டுகின்றீர்கள். கணினிக்குப் போய்ச் சேர்வது பன்னிரண்டு என்னும் எண்ணன்று. ஒன்று என்ற எழுத்துருவும் இரண்டு என்ற எழுத்துருவும் ஆகும். அவற்றின் குறியீட்டு எண்கள் முறையே 49, 50. இச்சரத்தைப் பன்னிரண்டு என்னும் எண்ணாக மாற்றிய பின்னரே அதனோடு எதையும் கூட்டலாம். மாற்ற மறந்து, அச்சரத்தோடு 5 என்னும் எண்ணைச் சேர்க்கச் சொன்னால், ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல் மொழி 17 என்று விடை தராது. இரண்டையும் ஒட்டி 125 என்னும் சரத்தைத் தரும். அதே சரத்திலிருந்து 5 ஐக் கழிக்கச் சொன்னாலோ, அம்மொழி தானாகவே சரத்தை எண்ணாக மாற்றிக்கொண்டு 7 என்று விடை கூறும். இவ்வாறு கேளாமலே செய்யப்படும் மாற்றத்தை உள்ளார்ந்த மாற்றம் என்பர். பைதன் போன்ற மொழிகள் சரத்தையும் எண்ணையும் கூட்ட மறுத்துவிடும். மாற்றம் வேண்டுமாயின் வெளிப்படையாகக் கேள் என்று வற்புறுத்தும். இது வெளிப்படை மாற்றம் எனப்படும்.

இனி, முதலாவது கேள்விக்கு வருவோம். கொள்கலம் கொள்ளுமா? சிறியதிலிருந்து பெரியதற்கு மாற்றும்போது இக்கேள்வி எழுவதில்லை. பெரியதிலிருந்து சிறியதற்கு மாற்றும்போதுதான் இடர் தோன்றும். குறியில்லாத எட்டுப் பிட்டு இடத்திலே 0 முதல் 255 வரை வைக்கலாம். சி மொழியிலே 300 என்னும் எண்ணை அவ்விடத்துக்கு மாற்றினால் எந்த ஓசையும் எழாது. அங்கே 44 என்னும் எண் வந்து அமர்ந்திருக்கும். பழைய மோட்டார் வண்டியின் தூரமானி தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சத்தைத் தாண்டியதும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குவதைக் கண்டிருப்பீர்கள். இதுவும் அத்தகையதே. தூரமானியைப் பார்ப்பவருக்கு வண்டியின் வயது தெரியும், ஆதலின் ஏமாறமாட்டார். 44 ஐப் பெற்றுக்கொள்ளும் அடுத்த கணிப்புக்கு அது 300 ஆக இருந்தது தெரியாது.

வேறு சில மொழிகள் இவ்விடயத்திலே கண்டிப்பானவை. கொள்ளாத மதிப்பு வந்தால் அவை மௌனமாக இருப்பதில்லை. வேலையை நிறுத்தி அபாய மணி அடித்துவிடும். அத்தகைய கண்டிப்பான மொழிகளுள் ஒன்று ஏடா என்பது. அது விமானங்களுக்கும் விண்வெளிக் கருவிகளுக்கும் பெரிதும் பயன்பட்டு வந்த மொழி. அத்தகைய மொழியிலே எழுதினாலே போதும், இடர் நீங்கிவிடும் என்று கருதிவிடக்கூடாது. அதனை உணர்த்திய நிகழ்ச்சி 1996ஆம் ஆண்டு யூன் மாதம் 4ஆம் திகதி தென் அமெரிக்காவின் வடகரையிலே நடந்தது.

அங்கே பிரெஞ்சுக் கயானாவில் கூரூ என்னும் இடத்திலே ஐரோப்பியரின் ஏவுதளம் இருக்கின்றது. அன்று காலை ஏரியன் 5 என்னும் புதிய ரொக்கெட் தனது முதற் பயணத்துக்கு ஆயத்தமாக நின்றது. அதன் முடியிலே கிளஸ்டர் எனப் பெயரிய நான்கு செய்மதிகள் இருந்தன. கதிரவனிலிருந்து வீசும் துகட்காற்று புவியின் காந்தப் புலத்தோடு எவ்வாறு மோதுகின்றது என்பதை, நான்கும் அணிவகுத்துப் பறந்து ஆராய்வதே அவற்றின் பணி. அறிஞர் பலர் பல்லாண்டு உழைத்து அவற்றை ஆக்கியிருந்தனர்.

பிரதான இயந்திரம் பற்றவைக்கப்பட்டு ஏறத்தாழ முப்பத்தேழு செக்கன் வரை யாவும் செவ்வனே நடந்தன. பின்னர் ரொக்கெட் திடீரெனத் தன் வழியை விட்டுத் திரும்பியது. காற்றின் அழுத்தம் தாங்காது உடையத் தொடங்கியதும், அதிலிருந்த தன்னழிவுக் கருவி இயங்கி அதனை வெடிக்கச் செய்தது. தரையிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் உயரத்திலே அது சிதறி, அடுத்திருந்த புல்வெளியிலும் சதுப்பு நிலத்திலும் வீழ்ந்தது. உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. ஆயின் நான்கு செய்மதிகளும் அழிந்தன. பல நூறு மில்லியன் டொலர் பெறுமதியான உழைப்பு ஒரு நிமிடத்துக்குள் வீணாயிற்று.

காரணத்தை ஆராய விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. பிரெஞ்சுக் கணித மேதையாகிய ஜாக் லூயி லியோன்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். சதுப்பு நிலத்திலிருந்து மீட்கப்பட்ட கருவிகளின் நினைவகத்தையும் பறப்புப் பதிவுகளையும் கொண்டு, ஆறு வாரங்களுக்குள்ளாகவே அக்குழு காரணத்தைக் கண்டு அறிக்கை வெளியிட்டது. ரொக்கெட்டின் சாய்வையும் வேகத்தையும் அளந்து கூறும் வழிகாட்டிக் கருவியிலே, கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பு அறுபத்துநான்கு பிட்டு மிதக்கும் புள்ளி எண்ணாக இருந்தது. அதனைப் பதினாறு பிட்டு நிறைவெண்ணாக மாற்றும் ஒரு கட்டளை செய்நிரலில் இருந்தது. அன்று அந்த மதிப்பு 32,767 என்னும் எல்லையைத் தாண்டிவிட்டது. கொள்கலம் கொள்ளவில்லை. அபாய மணி அடித்தது. அடித்த மணிக்குச் செவிசாய்த்து ஆவன செய்வதற்கு அவ்விடத்தில் ஒரு கட்டளையும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆதலின் கருவி தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது.

ஒரு கருவி பழுதானால் உதவுவதற்கு இன்னொரு கருவி இருக்கவில்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆயின் அதிலும் இதே செய்நிரல்தான் இருந்தது. அதுவும் இதே எண்ணைக் கண்டு, இதே காரணத்தால், ஒரு செக்கனின் சிறு பின்னத்துக்கு முன்னரே நின்றுவிட்டிருந்தது. ஒருவர் விடைத்தாளை மற்றவர் பார்த்தெழுதிய மாணவர் இருவரை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதால் என்ன பயன்? இயந்திரப் பாகம் ஒன்று எதிர்பாராது பழுதாகும் வேளையில் இரட்டைக் கருவி காக்கும். எண்ணத்திலேயே உள்ள பிழையை அது காக்காது, இரட்டிக்கவே செய்யும்.

நிறுத்திக்கொண்ட கருவி அதன்பின் அனுப்பியது பறப்பு அளவை அன்று. தன் பழுதைத் தெரிவிக்கும் குறிப்பாகும். பிரதான கணினியோ அக்குறிப்பை ரொக்கெட்டின் சாய்வென்றே வாசித்தது. பிட்டுகளுக்குத் தாமாகப் பொருளில்லை என்று முன்னர் கூறினேன் அல்லவா? அதன் விளைவு இது. இல்லாத சாய்வைத் திருத்துவதற்காகக் கணினி ரொக்கெட்டின் குழல்களை முழு அளவுக்குத் திருப்பியது. நேராகச் சென்றுகொண்டிருந்த கலம் அதனாலேயே வழி தவறிற்று.

இக்கதையை இவ்வளவோடு நிறுத்திவிட்டால், யாரோ ஒருவர் கவனக்குறைவால் செய்த பிழை என்று தோன்றும். உண்மை அதனினும் நுட்பமானது. அச்செய்நிரலை எழுதியோர் எல்லை மீறும் அபாயத்தை அறிந்தே இருந்தனர். அபாயத்துக்குரிய மதிப்புகள் ஏழு உள்ளன என்று கணக்கிட்டனர். ஏழுக்கும் காவல் வைத்தால் கணினியின் வேலைப்பளு அவர்கள் குறித்துக்கொண்ட 80 சதவீத எல்லையை மீறக்கூடும். ஆகவே நான்குக்குக் காவல் வைத்து, மூன்றை விட்டனர். அம்மூன்றும் இயற்கையாகவே எல்லைக்குள் அடங்குவன, அல்லது எல்லையிலிருந்து வெகுதூரம் உள்ளன என்று நியாயம் கூறப்பட்டது. அந்த நியாயம் சரியானதே. ஏனெனில் அச்செய்நிரல் ஏரியன் 4 என்னும் முந்திய ரொக்கெட்டுக்காக எழுதப்பட்டது. ஏரியன் 4 செல்லும் பாதையில் அம்மதிப்பு ஒருபோதும் எல்லையை அணுகியதில்லை.

ஏரியன் 5 வேறு பாதையில் எழுவது. அதன் கிடைத்திசை வேகம் முந்தியதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைவாக வளர்ந்தது. பழைய செய்நிரல் நன்றாக இயங்கி வந்தமையால் அதனை அப்படியே புதிய ரொக்கெட்டில் வைத்தனர். மூன்று மதிப்புகளையும் காவலின்றி விட்டமைக்கான நியாயம் செய்நிரலிலே எழுதப்பட்டிருக்கவில்லை. ஆதலின் அதனைப் புதிதாகப் பார்ப்போருக்கு எளிதிற் புலப்படவில்லை. புதிய பாதையின் அளவுகளைக் கொடுத்து அக்கருவியைத் தரையிலேயே சோதித்திருந்தால் பிழை வெளிப்பட்டிருக்கும் என்று விசாரணைக் குழு கூறிற்று. அச்சோதனையும் நடைபெறவில்லை. இன்னும் வேதனையான செய்தி ஒன்றுண்டு. பிழை நிகழ்ந்த அந்தப் பகுதி, ஏவுமுன் கருவியைச் சீர்படுத்துவதற்கான பகுதியாகும். இறுதிக் கணத்தில் ஏவுதல் தடைப்பட்டால் மீண்டும் விரைவாகத் தொடங்குவதற்கு வசதியாக, ஏரியன் 4 இல் அது பறப்புத் தொடங்கி ஏறத்தாழ நாற்பது செக்கன் வரை இயங்கவிடப்பட்டிருந்தது. ஏரியன் 5 இல் அதற்கு அவ்வேளையில் எந்தப் பயனும் இல்லை. தேவையற்ற கணிப்பு ஒன்றின் விடை கொள்கலத்தில் அடங்காமையால் ஒரு ரொக்கெட் அழிந்தது.

நேயர்களே, இங்கே நாம் கருத்திற் கொள்ளவேண்டியது இதுதான். ஒரு பெரிய கொள்கலத்திலிருந்து சிறிய கொள்கலத்துக்கு மதிப்பை மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் உலகத்தைப் பற்றிய ஒரு வாக்குறுதியைத் தன்னுள் ஒளித்து வைத்திருக்கின்றது. இந்த மதிப்பு இவ்வளவுக்கு மேற்போகாது என்பதே அவ்வாக்குறுதி. கொடுத்தவர் நேர்மையாகவே கொடுத்திருக்கலாம். உலகம் மாறும்போது, ஒளிந்திருக்கும் வாக்குறுதியைத் தேடி எடுத்து, இன்னும் பொருந்துமா என்று கேட்க யாரும் இல்லாமற் போவதிலேயே கேடு விளைகின்றது.

நிற்க. இரண்டாவது கேள்வி: மாற்றும்போது மதிப்பு குறையுமா? கொள்கலம் பெரிதாக இருந்தாலும் அதன் இயல்பு வேறாக இருப்பின் மதிப்பு சிறிதளவு தேயக்கூடும். மூன்றில் ஒன்றை நாம் தசமத்தில் எழுதத் தொடங்கினால் 0.333 என்று முடிவின்றிப் போகும். எங்கோ ஓரிடத்தில் வெட்டியே ஆகவேண்டும். கணினி பயன்படுத்தும் துவித முறையிலோ பத்தில் ஒன்று என்னும் எளிய பின்னமே முடிவின்றிப் போகின்றது. ஆகவே 0.1 என்று நாம் எழுதுவதைக் கணினி துவித மிதக்கும் புள்ளி எண்ணாக மாற்றும்போது, மிகச் சிறிய வேறுபாட்டோடுதான் வைத்துக்கொள்கின்றது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 19 ரூபாய் 99 சதத்தைச் சதமாக்குவதற்கு 19.99 ஐ நூறால் பெருக்கினால், அறுபத்துநான்கு பிட்டு மிதக்கும் புள்ளிக் கணக்கிலே 1999 வருவதில்லை. அதற்கு மயிரிழை குறைவான எண் வருகின்றது. அதனை நிறைவெண்ணாக மாற்றும்போது, பல மொழிகள் தசமப் பகுதியை வெட்டி எறிந்துவிடும். எஞ்சுவது 1998. ஒரு சதம் காணாமற் போயிற்று. நூறாயிரம் கணக்குகளில் இவ்வாறு நிகழ்ந்தால் காணாமற் போவது ஆயிரம் ரூபாய். ஆதலாலேயே பணக் கணக்கைத் தொடக்கத்திலிருந்தே சதங்களாக நிறைவெண்ணில் வைக்கவேண்டும், அல்லது தசம முறையிலேயே கணிக்கும் தனி வகையைப் பயன்படுத்தவேண்டும் என்று அனுபவம் மிக்கோர் அறிவுறுத்துவர்.

பணம் போனால் தேடிக்கொள்ளலாம். உயிர் போன கதையும் உண்டு. 1991ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவில் தஹ்ரான் என்னும் இடத்திலே அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தின்மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை வீழ்ந்தது. இருபத்தெட்டுப் பேர் மாண்டனர். வரும் ஏவுகணையை வானிலேயே எதிர்க்கவேண்டிய பேட்ரியட் என்னும் காவற் கருவி அதனைப் பின்தொடரவில்லை. அக்கருவியின் கடிகாரம் காலத்தைப் பத்தில் ஒரு செக்கன் வீதம் நிறைவெண்ணாக எண்ணிக்கொண்டிருந்தது. அவ்வெண்ணைச் செக்கனாக மாற்றுவதற்குப் பத்தில் ஒன்றால் பெருக்கினர். அந்தப் பத்தில் ஒன்று இருபத்துநான்கு பிட்டுகளோடு வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ஏற்படும் வழு 0.000000095 செக்கன் மட்டுமே. ஆயின் கருவி நூறு மணி நேரத்துக்கு மேலாக நிறுத்தாது இயங்கியிருந்தது. நூறு மணி நேரத்திலே பத்தில் ஒரு செக்கன்கள் 36 இலட்சம் உண்டு. பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 0.34 செக்கன் வரும். அந்நேரத்துக்குள் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கு மேற் சென்றுவிடும். கருவி வானத்தின் தவறான பகுதியில் அதனைத் தேடியது.

அக்கருவி தொடர்ந்து இத்தனை நாள் இயங்கும் என்று அதனை வகுத்தோர் கருதியிருக்கவில்லை. இங்கும் ஒளிந்திருந்த வாக்குறுதி ஒன்று உண்டு என்பதை நோக்குக. மிக நீண்ட நேரம் இயக்கினால் குறி விலகக்கூடும் என்னும் எச்சரிக்கை சில நாட்களுக்கு முன்னர் படையினருக்கு அனுப்பப்பட்டிருந்தது. மிக நீண்ட நேரம் என்பது எத்தனை மணி என்று அதிலே கூறப்படவில்லை. திருத்திய செய்நிரல் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாளாகும்.

மூன்றாவது கேள்வி: மாற்றும்போது பொருள் கெடுமா? இதுவே அன்றாட அலுவலகங்களிலே மிகுதியாக நேர்வது. நமது தொலைபேசி எண்கள் சுழியத்தில் தொடங்குவன. அவற்றை விரிதாள் ஒன்றிலே தட்டினால், எண் என்று கருதி, முன்னிற்கும் சுழியத்தைச் செயலி நீக்கிவிடும். கணிதப்படி அது சரியே. முன்னிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை. ஆயின் தொலைபேசி எண் உண்மையில் எண்ணே அன்று. இரண்டு தொலைபேசி எண்களைக் கூட்டுவார் யாருமில்லை. அது இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர். பெயரை எண்ணாக மாற்றியதே தவறு.

அறிவியலாரையும் இத்தவறு விட்டுவைக்கவில்லை. மனித மரபணுக்களுள் சிலவற்றுக்கு மார்ச் 1, செப்ட் 2 என்பன போன்று ஒலிக்கும் சுருக்கக் குறியீடுகள் ஆங்கில எழுத்திலே வழங்கி வந்தன. எக்செல் என்னும் விரிதாள் செயலி இவற்றைத் திகதிகள் என்று எண்ணி, மார்ச் முதலாம் நாள், செப்டம்பர் இரண்டாம் நாள் என மாற்றிவிட்டது. 2016ஆம் ஆண்டிலே வெளியான ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிலே இத்தகைய பிழை இருப்பதாகக் காட்டிற்று. கேளாமலே செய்யப்படும் உள்ளார்ந்த மாற்றத்தின் கொடுமை இது. ஈற்றிலே, 2020ஆம் ஆண்டு மரபணுப் பெயரிடும் குழுவினர் புதிய விதிகளை வெளியிட்டனர். இவ்வாறு திரியக்கூடிய குறியீடுகளை வேறு குறியீடுகளாக மாற்றியதும் அவற்றுள் அடங்கும். செயலி மனிதனுக்கேற்ப மாறுமுன், மனிதன் செயலிக்கேற்பப் பெயரை மாற்றிக்கொண்டான். பின்னர் 2023இல் அச்செயலியிலும் தானியங்கு மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

அவ்வாறாயின் செய்நிரல் எழுதும் இளைஞர்கள் கைக்கொள்ளத்தக்க ஒழுங்குகள் யாவை? நான்கைக் கூறலாம். முதலாவது, மாற்றுமுன் சோதித்தல். மதிப்பு எல்லைக்குள் இருக்கின்றதா என்று கேட்டபின்னரே சிறிய கொள்கலத்தில் இடவேண்டும். இரண்டாவது, கொள்ளாதபோது செய்வது யாது என்பதை முன்னரே தீர்மானித்தல். உயர்ந்தபட்ச மதிப்போடு நிறுத்துவதா, வேலையை நிறுத்துவதா, பழைய மதிப்பையே வைத்திருப்பதா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். அலுவலகக் கணக்கிலே வேலையை நிறுத்துவது நன்று. பறந்துகொண்டிருக்கும் கலத்தின் வழிகாட்டியிலே நிறுத்துவது அழிவு. மூன்றாவது, வாக்குறுதியை எழுதி வைத்தல். காவல் வைக்காது விடுவதாயின் ஏன் விட்டோம், எந்த நிலைமையை நம்பி விட்டோம் என்பதைக் கட்டளையின் அருகிலேயே குறித்து வைக்கவேண்டும். நான்காவது, பழைய செய்நிரலைப் புதிய இடத்துக்குக் கொண்டு செல்லும்போது அக்குறிப்புகளை ஒவ்வொன்றாக மீண்டும் படித்து, புதிய இடத்தின் உண்மையான அளவுகளோடு சோதித்தல். முன்பு நன்றாக ஓடியது என்பது முன்பிருந்த பாதைக்கு மட்டுமே சான்று.

இவ்வொழுங்குகள் எதிர்காலத்துக்கும் வேண்டியவை. பல கணினிகள் காலத்தை 1970ஆம் ஆண்டு சனவரி முதலாம் திகதியிலிருந்து கழிந்த செக்கன்களாக எண்ணுகின்றன. அவ்வெண்ணைக் குறியுள்ள முப்பத்திரண்டு பிட்டு நிறைவெண்ணில் வைத்தால், 2,147,483,647 வரையே அது கொள்ளும். 2038ஆம் ஆண்டு சனவரி 19ஆம் திகதி, இலங்கை நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனுக்கு அந்த எல்லை நிறையும். அடுத்த செக்கனில், திருத்தப்படாத கருவி 1901ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்துக்குத் திரும்பிவிடும். புதிய கணினிகள் பெரும்பாலும் அறுபத்துநான்கு பிட்டு அளவுக்கு மாறிவிட்டன. ஆயினும் பெரிய அளவில் வரும் காலத்தை எங்கேனும் ஒரு பழைய கோப்போ, சுவரிலே பொருத்திய ஒரு சிறு கருவியோ மீண்டும் முப்பத்திரண்டு பிட்டாக மாற்றிக்கொண்டிருக்கக்கூடும். 1970களில் அக்கொள்கலத்தைத் தேர்ந்தோருக்கு 2038 எட்டாத தொலைவாக இருந்தது. அதுவும் ஒரு வாக்குறுதியே.

கூரூவிலே அழிந்த செய்மதிகளின் கதை சோகத்தோடு முடியவில்லை. அவை மீண்டும் ஆக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டிலே பைகோனூர் ஏவுதளத்திலிருந்து ரசிய ரொக்கெட்டுகள் இரண்டில் ஏவப்பட்டன. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றின. ஏரியன் 5 உம் திருத்தம் பெற்று, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியை 2021ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆம் திகதி பழுதின்றிக் கொண்டு சென்றது. 2023ஆம் ஆண்டு யூலையிலே அது ஓய்வு பெற்றது. பிழையை மறைக்காது ஆராய்ந்து, காரணத்தை உலகறிய வெளியிட்டமையால் கிடைத்த பயன் இது.

அடுத்தமுறை எண்ணெய்ப் போத்தலின் வாயிலே புனலை வைக்கும் கையைக் காணும்போது, அக்கை ஊற்றுமுன் ஒரு கணம் தயங்குவதையும் கவனியுங்கள். அந்த ஒரு கணத் தயக்கத்தையே நாம் கணினிக்கும் எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கின்றது.